ஒளியும் கார்பனும்: மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் பெறும் உலோக ஒளிவினையூக்கிகள் – பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒளியால் தூண்டப்படும் உலோக வினையூக்கிகளைக் கொண்டு மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் பெறும் முறையின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. இம்முறையில் ஒளி வினையை எளிதாக்குகிறது. ஆயினும் கிடைக்கும் ஹைட்ரஜன் பசுமையானதா என்பதை மெத்தனாலில் உள்ள கார்பனின் பிறப்பிடமே முடிவு செய்கிறது. சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூரும் இருவேறு கார்பன் மூலங்களைக் கொண்டவை. அவ்வேறுபாட்டின் வழியே இவ்வாதம் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெத்தனால், ஹைட்ரஜன், ஒளிவினையூக்கி, பிளாஸ்மான், செம்பு, சுண்ணாம்புக்கல், மக்காச்சோளத் தட்டை, பருத்திமார்.

முன்னுரை

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று ஒப்புதல் அளித்தது. 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் உற்பத்தித் திறனை எட்டுவது அதன் இலக்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் 'பசுமை' என்னும் அடைமொழிக்கு அரசு ஓர் அளவுகோலை வகுத்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனை உண்டாக்கும்போது வெளியாகும் பசுங்குடில் வளிமங்கள், கார்பன் டை ஆக்சைடு இணை அளவில், பன்னிரு மாதச் சராசரியாக 2 கிலோவைத் தாண்டலாகாது. நீரை மின்னாற்பகுக்கும் முறை, உயிர்க்கழிவைப் பயன்படுத்தும் முறை ஆகிய இரண்டையும் இவ்வரையறை உள்ளடக்குகிறது.

இந்த இரண்டு கிலோ என்னும் எல்லையை நினைவில் கொண்டே மெத்தனால் வழியை ஆராய வேண்டும். ஒளிவினையூக்கி குறித்த செய்திக் குறிப்புகள் பெரும்பாலும் சூரியஒளியையும் வினையூக்கியின் புதுமையையும் பேசுவதோடு நின்றுவிடுகின்றன. மெத்தனால் எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து 2007இல் பிரிந்து இன்றைய வடிவம் பெற்ற அரியலூரும் அவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற களங்கள். ஒன்றில் கார்பன் பாறையாகக் கிடக்கிறது. மற்றொன்றில் பயிராக விளைகிறது.

மெத்தனாலைத் தேர்வதன் காரணம்

மரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கி வடித்த நீர்மத்திலிருந்து மெத்தனாலை இராபர்ட் பாயில் 1661இல் பிரித்தெடுத்தார். அதன் வேதி இயல்பை டூமா, பெலிகோ ஆகிய பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1834இல் தெளிவாக்கினர். 'மரச்சாராயம்' என்னும் பழைய பெயர் இந்த வரலாற்றிலிருந்து வந்ததே. இன்று உலகில் செய்யப்படும் மெத்தனாலில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெறப்படுகிறது. ஆகவே இன்றைய சந்தையில் அது பெரும்பாலும் புதைபடிவப் பொருளே.

ஹைட்ரஜனைச் சேமிப்பதும் சுமந்து செல்வதும் கடினம். 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்தாலும் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 40 கிராம் ஹைட்ரஜனே அடங்கும். அறைவெப்பநிலையில் நீர்மமாகவே இருக்கும் மெத்தனாலின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 99 கிராம் ஹைட்ரஜன் உள்ளது. நீருடன் வினைபுரியச் செய்தால் நீரில் உள்ள ஹைட்ரஜனும் உடன் கிடைக்கும். ஒரு மெத்தனால் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறையும் தருகின்றன. எடைக் கணக்கில் ஒரு டன் மெத்தனாலிலிருந்து 187.5 கிலோ ஹைட்ரஜனும் 1,375 கிலோ கார்பன் டை ஆக்சைடும் பிறக்கும்.

ஆற்றல் நோக்கில் மெத்தனாலின் சாதகம் பெரிது. நீரை மட்டும் பிளந்து ஒரு மோல் ஹைட்ரஜன் பெற 237 கிலோஜூல் கட்டற்ற ஆற்றல் வேண்டும். மெத்தனாலும் நீரும் வினைபுரிந்து மூன்று மோல் ஹைட்ரஜன் தருவதற்கு ஏறத்தாழ 9 கிலோஜூல் போதும். வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீர்ம நிலையில் இவ்வினைக்கு 131 கிலோஜூல் தேவை. இந்த எளிமையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். விளையும் ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ 85 விழுக்காடு மெத்தனாலிலிருந்தே வந்தது. ஒளி சேர்ப்பது எஞ்சிய 15 விழுக்காட்டை மட்டுமே. இதனைச் 'சூரிய ஹைட்ரஜன்' என்று அழைப்பவர்கள் இவ்விகிதத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

டைட்டானியம் டை ஆக்சைடும் பிளாட்டினமும்

ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கலாம் என்பதை டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையின் வழியே புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் காட்டினர். நீருடன் மெத்தனாலைச் சேர்த்தால் ஹைட்ரஜன் பன்மடங்கு எளிதாக வெளிவருவதைக் கவாய், சகாதா என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்டனர். அதே ஆண்டில் அவர்கள் சர்க்கரை, மாவுப்பொருள் போன்ற கார்போஹைட்ரேட்டுகளிலிருந்தும் ஒளிவழி ஹைட்ரஜன் பெற்றதை அறிவித்தது இங்குக் குறிப்பிடத்தக்கது. பயிர்க்கழிவு ஹைட்ரஜனாகலாம் என்னும் எண்ணம் இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

வினை நிகழும் விதம் இது. டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதன்மீது போதிய ஆற்றலுள்ள ஒளித்துகள் விழும்போது ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற இடம் 'துளை' எனப்படும். இவை இரண்டும் மீண்டும் கூடிவிட்டால் ஒளியின் ஆற்றல் வெப்பமாக வீணாகும். பெரும்பான்மையும் அவ்வாறே நிகழ்கிறது. குறைக்கடத்தியின் மேற்பரப்பில் பதித்த பிளாட்டினத் துணுக்குகள் எலக்ட்ரான்களைத் தம்பால் ஈர்த்து, ஹைட்ரஜன் அயனிகளுக்குக் கொடுத்து ஹைட்ரஜன் வளிமத்தை உண்டாக்குகின்றன. மறுபுறம் மெத்தனால் துளைகளை விரைந்து பற்றிக்கொண்டு தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் ஆகிய படிகளைக் கடந்து அது கார்பன் டை ஆக்சைடாக முடிகிறது. ஆய்வுலகில் மெத்தனாலைப் 'பலியாகும் பொருள்' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. வினையூக்கியின் திறனைச் சோதிக்கும்போது அச்சொல் பொருந்தும். எரிபொருள் பற்றிப் பேசும்போது பலியாவது எது, அதன் விலை என்ன என்பதே முதன்மை வினா ஆகிவிடுகிறது.

வினையைக் கார்பன் டை ஆக்சைடு வரை கொண்டு செல்லாமல் இடையில் நிறுத்தவும் இயலும். மாலிப்டினம் டை சல்பைடு இணைந்த காட்மியம் சல்பைடின்மீது கண்ணுறு ஒளி பட்டால் இரு மெத்தனால் மூலக்கூறுகள் இணைந்து எத்திலீன் கிளைக்காலும் ஹைட்ரஜனும் தருவதைச் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினர். கார்பன் வெளியேறாத வழி இது. ஆனால் கிடைக்கும் ஹைட்ரஜன் ஆறில் ஒரு பங்காகக் குறையும். காட்மியத்தின் நச்சுத்தன்மையும் கருதத்தக்கது.

இங்குச் சொல் பற்றிய ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'வினைவேக மாற்றி' என்றும், பிற எழுத்துகள் 'வினையூக்கி', 'கிரியா ஊக்கி' என்றும் வழங்குகின்றன. 'ஊக்கி' என்பது ஆற்றலைக் கொடுக்கும் பொருள் என்னும் மயக்கத்தைத் தரக்கூடும். வினையூக்கி ஆற்றல் எதனையும் சேர்ப்பதில்லை. வழியை மட்டுமே எளிதாக்குகிறது. ஒளிவினையூக்கியில் ஆற்றலைச் சேர்ப்பது ஒளி. வழக்கு நிலைபெற்றுவிட்டமையால் இக்கட்டுரை 'வினையூக்கி' என்பதையே ஆள்கிறது.

செம்பு ஏற்கும் ஒளி

டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளியையே அது ஏற்கும். தரையை அடையும் சூரியஆற்றலில் புறஊதாவின் பங்கு 4 அல்லது 5 விழுக்காடே. எனவே ஆய்வாளர் கவனம் கண்ணுறு ஒளியை உறிஞ்சும் உலோகங்கள்பால் திரும்பியது. பொன், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் நானோ துணுக்குகளில் ஒளி பட்டால் அவற்றின் கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒருசேர அலைவுறுகின்றன. பிளாஸ்மான் எனப்படும் இவ்வலைவு மிகக் குறுகிய நேரத்தில் சிதைந்து, உயர் ஆற்றலுடைய 'சூடான எலக்ட்ரான்'களைத் தந்து, இறுதியில் உலோகத்தையே வெப்பமாக்குகிறது.

இவற்றுள் செம்பு தனித்துக் கருதத்தக்கது. விலை குறைவு என்பது ஒரு காரணம். மெத்தனாலை நீராவியுடன் வினைப்படுத்தும் தொழிற்சாலை வினையூக்கியே செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா ஆகியவற்றின் கலவை என்பது மற்றொன்று. அம்முறைக்கு 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வெப்பம் மிகுந்தால் செம்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு செயலிழக்கும். உடன்விளைவாகக் கார்பன் மோனாக்சைடும் கூடும். எரிபொருள் மின்கலத்தின் பிளாட்டினத்தை மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் நஞ்சாக்கிவிடும். ஒளியின் துணையால் வினையைக் குறைந்த வெப்பநிலையில் நடத்த முடிந்தால் இவ்விரு தீங்குகளும் குறையும். ஒளி தரும் உண்மையான நன்மை இதுவே.

செம்பின் குறை அது காற்றில் எளிதாக ஆக்சைடாகிவிடுவது. ஆக்சைடானபின் பிளாஸ்மான் இயல்பு மங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆண்டியப்பன் மாரிமுத்து, சாங், லினிக் ஆகியோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்குப் பொருந்தும். ஆக்சைடு படிந்த செம்புத் துணுக்குகள் வினை நடக்கும்போதே போதிய செறிவுள்ள ஒளியால் மீண்டும் உலோகச் செம்பாக மாறுவதை அவர்கள் கண்டனர். அது புரோப்பிலீன் பற்றிய ஆய்வேயாயினும், ஒளியே வினையூக்கியைப் புதுப்பிக்கக்கூடும் என்னும் கருத்து மெத்தனாலுக்கும் பயன்படும்.

ஒளி இங்கே உண்மையில் என்ன செய்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் குழுவினர் செம்பு–ருத்தேனியத் துணுக்குகளில் அம்மோனியா சிதைவதை ஆராய்ந்து, சூடான எலக்ட்ரான்களே வினையை விரைவுபடுத்துகின்றன என 2018இல் எழுதினர். இஸ்ரேலின் யோனாதன் சிவன் முதலியோர் அடுத்த ஆண்டே அதனை மறுத்து, அளவிட்ட வேகத்தை ஒளி உண்டாக்கிய வெப்பத்தாலேயே விளக்கலாம் என வாதிட்டனர். இயற்பியலுக்கு இவ்விவாதம் இன்றியமையாதது. பயன் நோக்குவார்க்கு அத்துணைத் தீர்மானமானதன்று என்பதைப் பின்வரும் கணக்கு காட்டும்.

ஒரு சதுர மீட்டர் வெயில்

தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் மணி சூரியஆற்றல் விழுவதாகக் கொள்வோம். அதில் புறஊதாவின் பங்கு 0.2 கிலோவாட் மணி, அதாவது 720 கிலோஜூல். இது ஏறத்தாழ 2 மோல் ஒளித்துகள்களுக்குச் சமம். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு ஒளித்துகள் என்ற கணக்கில், ஒன்றுகூட வீணாகவில்லையென்றாலும், கிடைப்பது நாளொன்றுக்கு 2 கிராம் ஹைட்ரஜன். மெத்தனால் ஒரு துளைக்கு இரு எலக்ட்ரான்களைத் தரும் 'மின்னோட்ட இரட்டிப்பு' முழுமையாக நிகழ்ந்தால் 4 கிராம். ஒரு கிலோவுக்குக் குறைந்தது 250 சதுர மீட்டர் வேண்டும். நடைமுறையில் அதனினும் பன்மடங்கு தேவைப்படும்.

அதே ஒரு சதுர மீட்டரில் 20 விழுக்காடு திறனுள்ள சூரியத் தகட்டை வைத்தால் ஒரு கிலோவாட் மணி மின்சாரம் கிடைக்கும். அதனால் நீரை மின்னாற்பகுத்தால் 18 முதல் 20 கிராம் ஹைட்ரஜன் பெறலாம். அதற்கு மெத்தனாலே வேண்டா. டைட்டானியம் டை ஆக்சைடு முறை இப்போட்டியில் தோற்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாறாக, கண்ணுறு ஒளியையும் அகச்சிவப்பையும் சேர்த்து உறிஞ்சி, ஒளியும் வெப்பமும் கூடிச் செயற்படும் செம்பு வினையூக்கியைக் கருதுக. மெத்தனால், நீர் வினைக்கு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் மணி ஆற்றல் போதும். விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வினைக்குச் சென்றாலும் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் ஹைட்ரஜன் விளையும். அந்தப் பத்தில் ஒரு பங்கு சூடான எலக்ட்ரானாகச் சென்றதா, வெறும் வெப்பமாகச் சென்றதா என்பது உழவர்க்கோ ஆலைக்கோ பொருட்டன்று. ஆனால் அந்த 80 கிராமுக்கு ஏறத்தாழ 430 கிராம் மெத்தனால் செலவாகியிருக்கும். கணக்கு மீண்டும் மெத்தனாலிடமே வந்து நிற்கிறது.

அரியலூர்க் கார்பன்

அரியலூரின் சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே பரவியிருந்த கடலின் படிவு. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் அங்கே தொடங்கியது. தனியார் ஆலைகள் பலவும் மாவட்டமெங்கும் உள்ளன. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அதன் எடையில் 44 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். எரிபொருளை முற்றிலும் மாற்றினாலும் இவ்வெளியேற்றம் நிற்காது; ஏனெனில் அது கல்லுக்குள்ளேயே இருந்த கார்பன்.

எனவே அவ்வளிமத்தைப் பிடித்துப் பயன்படுத்தும் திட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டு ஆலையொன்றில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமைப்பை நிறுவப்போவதாக டால்மியா சிமெண்ட் நிறுவனம் 2019இல் அறிவித்தது. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில், புகைபோக்கியில் பிடித்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து நாளொன்றுக்கு 10 டன் மெத்தனால் செய்யும் ஆலையைத் தேசிய அனல்மின் கழகம் அமைத்துள்ளது. மெத்தனாலைப் பொருளாதாரத்தின் நடுவில் வைக்கும் சிந்தனையை ஜார்ஜ் ஓலா முன்வைத்தார். இந்தியாவில் நிதி ஆயோக் அதனை எடுத்துப் பேசியது.

அரியலூர்ப் புகையை மெத்தனாலாக்கி, அம்மெத்தனாலை வெயிலில் ஹைட்ரஜனாக்கலாம் என்னும் கருத்து கேட்பதற்கு இனியது. வேதிச் சமன்பாடு அதற்கு இடந்தருவதில்லை. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறை மெத்தனாலாக்க மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தேவை. அம்மெத்தனாலை மீண்டும் வினைப்படுத்தினால் வருவதும் மூன்றே. மரக்காலில் அளந்து போட்டதை அதே மரக்காலால் அளந்து எடுப்பது போன்றது இது. இடையில் சிந்துவது வேறு. இத்தகைய மெத்தனால் ஹைட்ரஜனைச் சுமக்கும் கலமாகலாம், ஹைட்ரஜனின் ஊற்றாகாது.

பசுமைக் கணக்கும் இடறுகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனோடு 7.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும் என்பது மேற்சொன்ன விகிதத்திலிருந்து பெறப்படும். அரசு வகுத்த எல்லையோ 2 கிலோ. அக்கார்பன் சூளையிலேயே பிடிக்கப்பட்டதுதானே எனச் சிமெண்ட் ஆலை தன் கணக்கில் ஒருமுறை கழித்துக்கொண்டால், ஹைட்ரஜன் ஆலை அதனை இரண்டாம் முறை கழிக்க இயலாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த கார்பன் எவ்வழியிலோ வானில் சேர்ந்துவிடுகிறது.

பெரம்பலூர்க் கார்பன்

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முன்னிற்பது. புரட்டாசியில் கரிசலில் விதைத்துத் தையில் அறுக்கும் மானாவாரிப் பயிரின் கார்பன் நான்கு மாதங்களுக்கு முன் காற்றில் இருந்தது. அது மீண்டும் காற்றில் சேர்ந்தால் வானின் கணக்கு மாறுவதில்லை. உழவு, உரம், போக்குவரத்து ஆகியவற்றின் உமிழ்வை மட்டும் கூட்ட வேண்டும். அவற்றை அடக்கி நடத்தினால் 2 கிலோ எல்லைக்குள் நிற்க இயலும்.

உலர்ந்த பயிர்க்கழிவைக் குறைந்த ஆக்சிஜனில் சூடாக்கி வளிமமாக்கி, அவ்வளிமத்திலிருந்து மெத்தனால் செய்யலாம். ஒரு டன் கழிவுக்கு 0.4 டன் மெத்தனால் எனக் கொண்டால் 75 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். வளிமமாக்கும்போதே ஹைட்ரஜனை நேரடியாகப் பிரிக்கலாமே, இடையில் மெத்தனால் எதற்கு என்னும் வினா நியாயமானது. தட்டை ஆண்டில் சில மாதங்களே கிடைக்கும்; ஹைட்ரஜனின் தேவை ஆண்டு முழுவதும் உண்டு. தையில் குவிவதை நீர்மமாக்கித் தொட்டியில் வைத்து, நாள்தோறும் வேண்டிய அளவை வெயிலில் ஹைட்ரஜனாக்குவதே மெத்தனால் வழிக்குள்ள நியாயம்.

ஆயினும் 'கழிவு' என்னும் சொல் இங்கே பிழைபட வழங்குகிறது. மக்காச்சோளத் தட்டை பெரம்பலூரில் மாட்டுத் தீவனம். கறவைமாடு ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்தீவனம் உண்பதாகக் கொண்டால், 75 கிலோ ஹைட்ரஜனுக்காக எடுக்கும் ஒரு டன் தட்டை அம்மாட்டின் அரையாண்டு உணவு. மழை பொய்த்த ஆண்டில் தட்டையின் விலை ஏறும்போது ஆலையும் மாடு வைத்திருப்போரும் ஒரே போரடியில் நிற்க நேரும். ஆலைக்குப் பணவலிமை மிகுதி. ஆகவே தட்டையை விடுத்துப் பருத்திமாரையும், மணி உதிர்த்தபின் எஞ்சும் கதிரின் நடுக்கட்டையையும் கொள்வதே தக்கது. பருத்திமாரை அறுவடைக்குப்பின் வயலில் நிற்கவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்கும் தங்கும். அதனைப் பிடுங்கி அகற்றுமாறு வேளாண் துறையும் அறிவுறுத்துகிறது. அடுப்புக்குப் போக எஞ்சும் மாருக்கு விலை கிடைத்தால் உழவர் அதனைத் தாமே பிடுங்குவர்.

நஞ்சு

வினையூக்கி ஆய்வுகள் பெரும்பாலும் பேசாத ஒன்று மெத்தனாலின் நச்சுத்தன்மை. உடலுக்குள் அது ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. ஒளிவினையூக்கியின்மீது அது கடக்கும் அதே படிகள் இவை. ஆனால் உடல் ஃபார்மிக் அமிலத்தை விரைந்து அகற்ற இயலாமையால் கண்பார்வை கெடுகிறது, உயிரும் போகிறது. பெரம்பலூருக்கு வடக்கே தொலைவிலில்லாத கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இதே நஞ்சு உயிர்களைப் பறித்தது.

ஊர்தோறும் சிறு மெத்தனால் தொட்டியும் அதன்மேல் வெயிலில் விரித்த ஒளிவினைக் கலமும் என்னும் பரவலான அமைப்பு ஆய்வுக்கூட வரைபடத்தில் அழகாகத் தோன்றும். இம்மண்டலத்தில் அதனை ஏற்க இயலாது. கசப்புப் பொருளையோ நிறத்தையோ மெத்தனாலில் கலந்து வைக்கலாம் எனின், வினையூக்கியின் மேற்பரப்பில் படியும் அயற்பொருள் அதன் செயலைக் குறைக்கும் என்னும் தடை எழுகிறது. கலப்பொருளை நீக்கி உள்ளே அனுப்ப மற்றோர் அமைப்பும், அதற்குரிய செலவும் வேண்டும்.

ஆகவே வளிமமாக்கும் உலை, மெத்தனால் தொட்டி, ஒளிவினைக் கலம் மூன்றும் ஒரே மதிலுக்குள் அமைவதே பொருந்தும். அவ்வாறாயின் மெத்தனாலை எளிதாக எடுத்துச் செல்லலாம் என்னும் பெருமை பயன்படாமல் போகும்; பருவம் கடந்து சேமிக்கலாம் என்னும் பயன் மட்டுமே எஞ்சும். ஹைட்ரஜனையும் அருகிலேயே செலவிட வேண்டியிருக்கும். அரியலூர்ச் சிமெண்ட் சூளைகள் சில பத்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அவற்றின் எரிபொருளில் ஒரு பங்கை ஹைட்ரஜன் ஈடு செய்யக்கூடும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து வரும் கார்பனை அது தொடாது. நிலக்கரியிலிருந்து வரும் பங்கில் சிறிது குறையும். அதற்காகப் பருத்திமாருக்கு ஆலை என்ன விலை தர இயலும் என்பதைச் செம்பு வினையூக்கி எத்தனை பருவம் செயலிழக்காமல் நிற்கும் என்பதே இனி வரையறுக்கும்.